சஸ்காச்சுவான், 1962: டாக்டர்கள் கதவை மூடிய 23 நாட்கள்

1962 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. கனடாவின் தேசிய நாள். சஸ்காச்சுவான் மாகாணத்தில் பெரும்பாலான டாக்டர்களின் கதவுகள் பூட்டிக் கிடந்தன. மாகாண அரசின் புதிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் தொழில் செய்ய எங்களுக்கு விருப்பமில்லை, ஜூலை 1க்குப் பிறகு இந்த இடம் மூடியிருக்கும் என்று கதவுகளில் அச்சடித்த அறிவிப்பு தொங்கியது. பத்தில் ஒன்பது டாக்டர்கள் வேலைக்கு வரவில்லை. பெரிய ஊர்கள் சிலவற்றில் மட்டும் அவசரச் சிகிச்சைக்கு ஆள் வைத்திருந்தார்கள்.

அன்றே ஒரு கிராமத்துத் தம்பதி, காய்ச்சலில் துவண்ட ஒன்பது மாதக் குழந்தையைக் காரில் போட்டுக்கொண்டு டாக்டரைத் தேடி ஊர் ஊராக ஓட்டிப் போனார்கள். டாக்டரிடம் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. மூளைக்காய்ச்சல். டாக்டர் கிடைத்திருந்தாலும் பிழைத்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் மறுநாள் கனடா முழுக்க அந்தச் செய்திதான்.

அந்தக் கதவுகள் ஏன் மூடின, 23 நாள் கழித்து எந்தப் பேரத்தில் திறந்தன என்று படிக்க எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள ஸ்கார்பரோவில் என் அப்பாவுக்கு இதய அறுவை நடந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா பழக்கதோஷத்தில் கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு, "பில் எங்கே கட்டணும்?" என்று கேட்டார். ஊரில் தன் அண்ணனின் அறுவைக்காக வளையல்களை அடகு வைத்தவர் அவர். இங்கே நாங்கள் கட்டியது கார் நிறுத்திய காசு மட்டும். அங்கிருந்து நேராக மருந்துக் கடைக்குப் போனோம். அப்பாவுக்கு அப்போது 61 வயது. மருந்துக்கு எந்தக் காப்பீடும் இல்லை. மாத்திரைகளுக்கு நல்ல தொகை ஆனது. நெஞ்சைத் திறந்து தைத்ததற்குக் காசு இல்லை, தைத்தது பிரியாமல் இருக்கத் தரும் மாத்திரைக்குக் காசு உண்டு. இந்த விசித்திரத்தின் வேரைத் தேடிப் போனால் சஸ்காச்சுவானில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

நம்மவர்களிடம் இந்தப் பேச்சு வந்தால் "அரசு ஆஸ்பத்திரி நல்லதா, தனியார் நல்லதா" என்றுதான் தொடங்குவோம். அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வைத்தியம் பார்ப்பவர் யாருடைய ஆள் என்பது ஒன்று. பார்த்ததற்கு யார் பணம் கட்டுவது என்பது இன்னொன்று. 1962இல் சஸ்காச்சுவானில் இந்த இரண்டையும் பிய்த்துத் தனித்தனியாக வைத்தார்கள். அதனால்தான் தகராறு தீர்ந்தது. பின்னால் வந்த குறைகளில் பலவும் அதனால் வந்தவைதான் என்று நினைக்கிறேன்.

கோதுமை நாடு

தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு பரப்புள்ள மாகாணம் அது. 1961இல் அங்கே பத்து லட்சம் பேர்கூட இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோதுமை வயல். இரண்டு வீடுகளுக்கு நடுவே பல மைல். இப்படிப்பட்ட இடத்தில் டாக்டர் ஒருவர் தானாகக் கடை விரித்துப் பிழைப்பது கடினம். அதனால் முதல் உலகப் போர்க் காலத்திலேயே சிறிய ஊராட்சிகள் வரிப்பணத்தில் ஒரு டாக்டருக்குச் சம்பளம் பேசி அமர்த்திக்கொள்ளத் தொடங்கின. இடதுசாரிக் கொள்கை எதையும் படித்துவிட்டு அவர்கள் இதைச் செய்யவில்லை. பக்கத்தில் ஒரு டாக்டர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1930களில் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் வறட்சியும் சேர்ந்து வந்தன. மண் புழுதியாகப் பறந்தது, கோதுமை விலை தரைக்கு வந்தது. டாக்டர்களுக்கு ஃபீஸ் கோழியாகவும் உருளைக்கிழங்காகவும் வந்தது, பல வீடுகளில் அதுவும் வரவில்லை. டாக்டர்களே அரசிடம் உதவி கேட்டு நின்ற காலம். அதன் தொடர்ச்சியாக, 1943இல் கனடா மருத்துவச் சங்கமே அரசுக் காப்பீட்டைக் கொள்கையளவில் ஆதரித்தது. பின்னால் நடந்த சண்டையைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. வறுமைக் காலத்தில் கேட்டதைத்தான் வளமான காலத்தில் டாக்டர்கள் எதிர்த்தார்கள். நடுவில் என்ன மாறியது என்றால், டாக்டர் அமைப்புகளே நடத்திய தன்விருப்பக் காப்பீட்டுத் திட்டங்கள் வளர்ந்துவிட்டன. வேலையில் இருப்பவர்கள், வசதியானவர்கள் அவற்றில் சேர்ந்தார்கள், ஃபீஸ் ஒழுங்காக வந்தது. சேர முடியாதவர்கள் வெளியே நின்றார்கள்.

டாமி டக்ளஸ் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் பிறந்து, சிறு வயதில் குடும்பத்தோடு கனடாவின் வினிபெக் நகரத்துக்கு வந்தவர். அவர் காலில் எலும்புக்குள் சீழ் பிடித்தது. காலை எடுக்க வேண்டும் என்றார்கள். வீட்டில் பணம் இல்லை. மருத்துவ மாணவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கச் சம்மதித்தால் காசு வாங்காமல் அறுவை செய்கிறேன் என்று ஒரு நிபுணர் முன்வந்தார், கால் தப்பியது. தன் கால் ஒரு டாக்டரின் கருணையால் தப்பியது, அது தற்செயல், இன்னொரு ஏழைப் பையனுக்கு அந்தத் தற்செயல் வாய்க்காது என்பதைப் பின்னாளில் அவர் மேடைக்கு மேடை சொன்னார். பாப்டிஸ்ட் போதகராக வேபர்ன் என்ற சிற்றூரில் இருந்தார், வீழ்ச்சிக் காலத்தை அங்கே கண்ணால் பார்த்தார், அரசியலுக்கு வந்தார். உழவர்களும் தொழிற்சங்கத்தாரும் சேர்ந்து கட்டிய சி.சி.எஃப். கட்சி 1944இல் சஸ்காச்சுவானில் ஆட்சியைப் பிடித்தது. டக்ளஸ் முதல்வரானார்.

அவர் அவசரப்படவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1946 ஜூலை 1 முதல் ஸ்விஃப்ட் கரண்ட் என்ற ஒரே ஒரு வட்டாரத்தில் எல்லோருக்குமான மருத்துவத் திட்டம் நடந்தது. 1947 ஜனவரி 1 முதல் மாகாணம் முழுக்க ஆஸ்பத்திரிச் செலவு காப்பீட்டுக்குள் வந்தது. ஆளுக்கு வருடம் 5 டாலர், குடும்பத்துக்கு அதிகபட்சம் 30 டாலர். கையில் பணம் போதாததால் டாக்டர் ஃபீஸைத் தொடாமல் நிறுத்திக்கொண்டார்கள். பத்து வருடம் கழித்து, 1957இல், மத்திய அரசு எல்லா மாகாணங்களின் ஆஸ்பத்திரிச் செலவிலும் ஏறத்தாழப் பாதியை ஏற்கச் சட்டம் செய்தது. சஸ்காச்சுவானின் கையில் அப்போதுதான் பணம் மிஞ்சியது. 1959 டிசம்பர் 16 அன்று டக்ளஸ் வானொலியில் பேசினார். இனி டாக்டர் செலவும் காப்பீட்டுக்குள் வரும். முன்கூட்டியே பணம் கட்டுவது, எல்லோரையும் சேர்ப்பது, தரம், பொது அமைப்பின் நிர்வாகம், டாக்டருக்கும் நோயாளிக்கும் ஏற்புடையதாக இருப்பது என ஐந்து கொள்கைகளைச் சொன்னார். அந்த ஐந்தாவதுதான் வெடித்தது.

டாக்டர்கள் என்ன சொன்னார்கள்

டாக்டர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய வாதங்களில் சிலவற்றில் நியாயம் இருந்தது.

இப்போது ஐம்பது நோயாளிகளிடமிருந்து ஐம்பது வழியாகப் பணம் வருகிறது, நாளை ஒரே ஒருவர் பணம் தருவார், அவர் அரசு. ஒரே கைதான் சோறு போடும் என்றால் அந்தக் கை சொல்வதையெல்லாம் கேட்க வேண்டி வரும் என்றார்கள். சட்டத்தின் சில பிரிவுகள் டாக்டர்கள் எந்த நிபந்தனைகளில் வேலை செய்ய வேண்டும் என்று விதிக்கும் அதிகாரத்தை, திட்டத்தை நடத்தும் காப்பீட்டு ஆணையத்துக்குக் கொடுப்பதாகவே படித்தால் தோன்றும். 1962இல் அரசு கொண்டுவந்த திருத்தம் ஆணையத்தை நோயாளியின் முகவராக ஆக்கி அந்தப் பயத்தை இன்னும் கிளறியது. பிரிட்டனில் 1948இல் தேசிய மருத்துவ சேவை வந்தபின் அது பிடிக்காமல் கனடாவுக்கு வந்து குடியேறிய டாக்டர்கள் அங்கே கணிசமாக இருந்தார்கள். எதிர்ப்பில் அவர்கள் குரல் பலமாகவே ஒலித்தது.

இன்னொரு வாதம்: ஏழைகளுக்கு மட்டும் அரசு பிரீமியம் கட்டட்டும், மற்றவர்கள் எங்கள் திட்டங்களில் சேரட்டும், எல்லோரையும் ஏன் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டும்? இன்று பல நாடுகளில் கேட்கும் வாதம்தான். டக்ளஸ் தரப்பின் பதில்: அப்படிச் செய்தால் நோய் குறைந்தவர்களும் வசதியானவர்களும் ஒரு பக்கம் போவார்கள், முதியவர்களும் நோயாளிகளும் அரசின் பக்கம் குவிவார்கள். யார் ஏழை என்று சோதித்துச் சான்று கொடுக்க ஒரு தனி அலுவலகம் வேண்டும். வைத்தியத்துக்கு முன்னால் தன் வறுமையை நிரூபிக்கும் அவமானமும் ஒட்டிக்கொள்ளும். இந்த வாதத்தில் நான் டக்ளஸ் பக்கம்தான். வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்து வாசலில் நின்ற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் டாக்டர் தரப்பு நியாயமான வாதங்களோடு நிற்கவில்லை. 1960 ஜூன் தேர்தலுக்கு டாக்டர்கள் சங்கம் உறுப்பினர்களிடம் பணம் வசூலித்துப் பிரசாரத்தில் இறங்கியது. மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களை அரசு அதிகாரிகள் மனநலக் காப்பகத்துக்கு அனுப்பிவிடக்கூடும் என்கிற அளவுக்கு அந்தப் பிரசாரப் பொருட்கள் போயின. பிரசவத்துக்கும் குழந்தைக்கும் எந்த டாக்டரை நம்பியிருந்தார்களோ அவரே இதைச் சொல்லும்போது ஒரு கிராமத்துப் பெண் என்ன நினைத்திருப்பார்? அந்த நம்பிக்கையை இப்படிச் செலவழித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. தேர்தலில் சி.சி.எஃப். மறுபடியும் வென்றது.

அப்புறம் ஒரு ஆலோசனைக் குழு, அதன் இடைக்கால அறிக்கை, 1961 நவம்பரில் சட்டம். அதே மாதம் டக்ளஸ் மத்திய அரசியலுக்குப் போய்விட, முதல்வர் நாற்காலியில் வுட்ரோ லாய்ட் அமர்ந்தார். பள்ளி ஆசிரியராக இருந்தவர், மெதுவாகப் பேசுபவர், மேடைக் கவர்ச்சி இல்லாதவர். 1962 ஏப்ரலில் தொடங்க வேண்டிய திட்டம் ஜூலை 1க்குத் தள்ளிப் போனது. மே 3 அன்று ரெஜைனா நகரத்தில் டாக்டர்கள் நூற்றுக்கணக்கில் கூடிய கூட்டத்துக்கு லாய்ட் நேரில் போய்ப் பேசினார். கூச்சலிட்டார்கள். அவர் முடித்தபின், இந்தச் சட்டத்தின் கீழ் வேலை செய்ய மறுப்பவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று கேட்கப்பட்டது. ஏறக்குறைய அரங்கமே எழுந்து நின்றது. ஜூன் 18 மத்தியத் தேர்தலில் டக்ளஸ் அதே ரெஜைனாவில் தோற்றார். அந்த வாரம் லாய்ட் பின்வாங்கியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

23 நாட்கள்

"எங்கள் டாக்டர்களைக் காப்போம்" என்ற பெயரில் ஊருக்கு ஊர் குழுக்கள் முளைத்தன. தொடங்கியவர்களில் பலர் தாய்மார்கள். தங்கள் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர் ஊரை விட்டுப் போய்விடுவார் என்ற அவர்களுடைய பயம் உண்மையானது. அந்தப் பயத்தின் மேல் எதிர்க்கட்சியும் வணிகர்களும் ஏறிக்கொண்டார்கள். மாகாணத்தின் இரண்டு பெரிய நாளிதழ்களும் அரசை எதிர்த்து எழுதின. ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் இரத்தம் சிந்தும் நிலை வரலாம் என்கிற தொனியில் பேசினார். அமைச்சர்களின் குடும்பங்களுக்கு மிரட்டல் வந்தது. பல வருடமாகப் பழகிய பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அரசு மூன்று காரியம் செய்தது. பிரிட்டனிலிருந்து டாக்டர்களை விமானத்தில் வரவழைத்தது. வேலைநிறுத்தம் முடிவதற்குள் நூறு பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். வேலைக்கு வந்த உள்ளூர் டாக்டர்களுக்குத் துணை நின்றது. வசைக்கு வசை பேசாமல் இருந்தது. இந்த மூன்றாவதைச் செய்வதுதான் கடினமாக இருந்திருக்கும்.

இதற்கு நடுவே மக்கள் பக்கமிருந்தும் ஒன்று நடந்தது. ஜூலை 3 அன்று சாஸ்கடூன் நகரத்தில், கூட்டுறவுச் சங்கம் போல மக்களே பணம் போட்டு ஒரு க்ளினிக்கைத் திறந்தார்கள். சக டாக்டர்களின் கோபத்தைப் பொருட்படுத்தாமல் அங்கே வந்து உட்கார்ந்த முதல் டாக்டர்கள் இருவரும் பெண்கள். ஜோன் விட்னி மூர், மார்கரெட் மஹூட். வரிசை வாசலுக்கு வெளியே நீண்டது. ரெஜைனாவிலும் பிரின்ஸ் ஆல்பர்ட்டிலும் அதே போலத் தொடங்கினார்கள். தானியக் களஞ்சியத்தையும் கடையையும் கடன் சங்கத்தையும் கூட்டுறவில் நடத்திப் பழகிய மக்கள் அவர்கள். டாக்டர் இல்லையா, சரி, நாமே ஏற்பாடு செய்வோம் என்று இறங்க அந்தப் பழக்கம் கை கொடுத்தது.

ஜூலை 11 அன்று ரெஜைனாவில் சட்டமன்றத்தின் முன் பெரிய பேரணி. நாற்பதாயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது நாலாயிரம், ஐயாயிரம் பேர். அன்றே காற்று திசை மாறிவிட்டது. சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டச் சொல்லி வந்த எதிர்க்கட்சித் தலைவர் ராஸ் தாட்சர், பூட்டியிருந்த சட்டமன்ற அறைக் கதவைக் காலால் உதைத்தார். அந்தப் புகைப்படம் பத்திரிகைகளில் வந்தது, அவருக்கே பாதகமாக முடிந்தது. சஸ்காச்சுவானுக்கு வெளியே இருந்த கனடியப் பத்திரிகைகளும் பிரிட்டிஷ் பத்திரிகைகளும், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் செய்த சட்டத்தை நோயாளிகளைக் கைவிட்டு எதிர்ப்பது தவறு என்று டாக்டர்களைக் கண்டித்தன. டாக்டர்களிலும் பலருக்கு மனம் உறுத்தத் தொடங்கியிருந்தது. பழகிய நோயாளியைத் திருப்பி அனுப்பிவிட்டு எத்தனை நாள் வீட்டில் உட்கார முடியும்?

ஜூலை நடுவில் லண்டனிலிருந்து ஸ்டீபன் டெய்லர் பிரபு வந்தார். அவர் ஒரு டாக்டர், லேபர் கட்சிக்காரர், பிரிட்டனின் தேசிய மருத்துவ சேவை உருவானபோது கூடவே இருந்தவர். அரசின் ஆலோசகராக வந்தவர் சீக்கிரமே இரு தரப்புக்கும் நடுவராகிவிட்டார். இரண்டு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் உருப்படாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. அமைச்சர்கள் ஓரிடம், டாக்டர்கள் ஓரிடம், நடுவில் அவர் காகிதத்தோடு நடந்துகொண்டே இருந்தார். டாக்டர்களிடம் டாக்டர் மொழியில் பேசினார், சண்டையும் போட்டார். பேச்சு இழுத்தால் ஊருக்குக் கிளம்பிவிடுவேன் என்று மிரட்டினார்.

ஜூலை 23 அன்று சாஸ்கடூன் உடன்பாடு கையெழுத்தானது. ஆகஸ்ட் தொடக்கத்தில் சட்டமன்றம் கூடித் திருத்தங்களை ஏற்றது.

என்ன பேரம்

எல்லோரும் காப்பீட்டுக்குள் இருப்பார்கள், பிரீமியம் கட்டாயம், அரசு அமைப்பே பணம் தரும் என்பதில் அரசு ஒரு அங்குலம்கூட நகரவில்லை. வருடப் பிரீமியம் தனி ஆளுக்கு 12 டாலர், குடும்பத்துக்கு 24 டாலர். மிச்சம் வரியிலிருந்து.

மற்ற எல்லாவற்றிலும் அரசு விட்டுக்கொடுத்தது. டாக்டர் அரசு ஊழியர் ஆக வேண்டாம். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் தனித்தனியாக ஃபீஸ் என்ற பழைய முறையே தொடரும். விரும்பினால் ஆணையத்துக்கு நேராகப் பில் அனுப்பலாம். சங்கத்தின் கட்டண அட்டவணையில் 85 சதவீதம் வரும், அதுவே முழுத்தொகை. இல்லையென்றால் தங்களுடைய பழைய காப்பீட்டுத் திட்டங்கள் வழியாக வாங்கலாம். அவை வெறும் தபால் நிலையம் போல நடுவில் நிற்கும். அதுவும் வேண்டாமென்றால் நோயாளியிடமே வாங்கலாம். நோயாளி ஆணையத்திடம் தன் பங்கைப் பெற்றுக்கொள்வார். முற்றிலும் வெளியே நின்று தொழில் செய்யவும் வழி உண்டு. ஆணையத்திலும் டாக்டர்களைக் கூடுதலாகச் சேர்த்தார்கள்.

ஆக, டாக்டர் தனியார், பணப்பை பொது. இதுதான் கனடா முறையின் எலும்புக்கூடு. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளையே அரசு எடுத்துக்கொண்டது. கனடாவில் அப்படி நடக்கவில்லை. இன்றும் ஸ்கார்பரோவில் நாம் பார்க்கும் குடும்ப டாக்டர் பெரும்பாலும் தன் வாடகையைத் தானே கட்டி, தன் வரவேற்பு மேசையில் தானே ஆள் போட்டு நடத்தும் ஒரு சிறு தொழில்முனைவோர்தான். "கனடாவில் எல்லாம் கவர்மெண்ட் டாக்டர்" என்று ஊரில் சொல்பவர்களுக்கு இதை விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

டாக்டர்கள் பயந்தது நடந்ததா? சில ஆண்டுகளிலேயே அங்கே பெரும்பாலானோர் திட்டம் தொடர வேண்டும் என்றே சொன்னார்கள். வருமானம் குறையவில்லை, கூடியது. வராக்கடன் என்ற சொல்லே அவர்கள் கணக்கேட்டிலிருந்து மறைந்தது. கோழிக்கும் உருளைக்கிழங்குக்கும் வைத்தியம் பார்த்த தலைமுறைக்குப் பிறகு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

சோதனை ஒன்று, கணக்கு ஒன்று

1964இல் சி.சி.எஃப். தோற்றது. கதவை உதைத்த ராஸ் தாட்சர் முதல்வரானார். திட்டத்தை அவரும் எடுக்கவில்லை. இரண்டு வருடத்துக்குள் மக்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். ஆனால் 1968இல் ஒன்று செய்தார். டாக்டரைப் பார்க்கப் போனால் ஒன்றரை டாலர், ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு இரண்டரை டாலர் என்று ஒரு கட்டணம் விதித்தார். இலவசம் என்றால் சும்மா சும்மா வருவார்கள், சின்னத் தொகை வைத்தால் தேவையில்லாத கூட்டம் குறையும் என்பது கணக்கு. நம் ஊரிலும் இதை நியாயமாகவே பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

பின்னர் அந்த மாகாணத்தின் பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்தபோது, டாக்டரிடம் போவது மொத்தத்தில் ஆறு, ஏழு சதவீதம்தான் குறைந்திருந்தது. ஏழைக் குடும்பங்களில் மட்டும் அது 18 சதவீதம் வரை குறைந்திருந்தது. அந்தக் கட்டணம் தேவையில்லாத நோயைத் தேடிப் பிடிக்கவில்லை, காசில்லாத நோயாளியைத் தேடிப் பிடித்தது. 1971இல் அடுத்து வந்த அரசு அதை ஒழித்தது. எனக்கு இந்த முழுக் கதையிலும் அதிகம் உதவிய தகவல் இதுதான். சின்னத் தொகைதானே என்று சொல்லும் யாரிடமும் இதைச் சொல்வேன்.

நாட்டளவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழமைவாதக் கட்சிப் பிரதமர் அமைத்த அரசு ஆணையம், நீதிபதி எம்மெட் ஹால் தலைமையில், 1964இல் சஸ்காச்சுவான் மாதிரியையே கனடாவுக்குப் பரிந்துரைத்தது. ஹாலும் சஸ்காச்சுவானிலிருந்து வந்தவர்தான். 1966 டிசம்பரில் சட்டம், 1968 ஜூலை 1 முதல் நடைமுறை, 1971க்குள் எல்லா மாகாணங்களும் உள்ளே. பிறகு டாக்டர்கள் காப்பீட்டுத் தொகைக்கு மேல் நோயாளியிடம் தனியாக வாங்கும் வழக்கம் பரவியது. 1984இல் மோனிக் பேஜான் அமைச்சராக இருந்தபோது வந்த கனடா சுகாதாரச் சட்டம், அப்படி வாங்க விடும் மாகாணத்துக்கு அதே அளவு மத்தியப் பணத்தை வெட்டியது. நாடாளுமன்றத்தில் ஒருவரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. 1986இல் ஒன்டாரியோ டாக்டர்கள் அப்படித் தனியாக வாங்கும் உரிமைக்காக 25 நாள் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள்.

பக்கத்தில் அமெரிக்கா இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. 1960களின் தொடக்கத்தில் இரண்டு நாடுகளும் தங்கள் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஒரே பங்கைத்தான் மருத்துவத்துக்குச் செலவிட்டன. இன்று அமெரிக்கா 17 சதவீதத்துக்கு மேல், கனடா 12 சதவீதத்தை ஒட்டி. அவ்வளவு செலவிட்டும் அங்கே கோடிக்கணக்கானோர் காப்பீடு இல்லாமல் இருக்கிறார்கள், ஆயுளும் கனடியர்களைவிடக் குறைவு.

வெளியே நின்றவை

ஆனாலும் கனடாவில் எல்லாம் சரி என்று நான் எழுதினால், அவசரப் பிரிவில் பத்து மணி நேரம் உட்கார்ந்த என் நண்பர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெரியவருக்கு நிலையான குடும்ப டாக்டர் இல்லை. மூட்டு மாற்று அறுவைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இடுப்பு மூட்டுக்காகக் காத்திருந்த ஒரு நோயாளியும் ஒரு டாக்டரும் தொடுத்த வழக்கில், பொதுச் சேவையில் இவ்வளவு காக்க வைத்துக்கொண்டு தனியார் காப்பீட்டையும் தடை செய்வது கியூபெக் மாகாணத்தின் உரிமைச் சாசனத்துக்கு எதிரானது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு தனியார் அறுவை மையம் தொடுத்த வழக்கு எதிர்த்திசையில் முடிந்தது. காசு உள்ளவருக்குத் தனி வரிசை திறந்தால் பொது வரிசையின் டாக்டர்களும் தாதிகளும் அங்கே நகர்வார்கள் என்பதை 2020இல் நீதிபதி ஏற்றார். 2023இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது.

காத்திருப்புக்குத் தீர்வு தனி வரிசைதான் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கனடாவில் காத்திருப்புக்குக் காரணம் டாக்டரும் தாதியும் படுக்கையும் போதாமல் இருப்பது. இன்னொரு வாசல் திறப்பதால் டாக்டர்கள் முளைத்துவிட மாட்டார்கள். அதே சமயம் வரிசையில் நிற்பவரிடம் "சமத்துவம் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போவதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பொதுத்திட்டத்தை நேசிப்பவர்கள்தான் அந்த வரிசையைப் பற்றி முதலில் கோபப்பட வேண்டும்.

"எல்லோருக்கும்" என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு என்பதைத் தமிழர்கள் அறிவார்கள். 2012இல் மத்திய அரசு அகதி விண்ணப்பதாரர்களுக்கான மருத்துவ உதவியை வெட்டியது. இங்கே அகதியாக விண்ணப்பித்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்போது டாக்டர்கள் மறுபடியும் வீதிக்கு வந்தார்கள், இந்த முறை நோயாளிகளுக்காக, வெள்ளைக் கோட்டோடு. 2014இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வெட்டைக் கொடுமையானது என்று சொல்லி ரத்து செய்தது. 2016இல் உதவி முழுமையாகத் திரும்பியது.

இனி அப்பாவின் மாத்திரைச் சீட்டு. 1947இல் ஆஸ்பத்திரி, 1962இல் டாக்டர். காப்பீடு இந்த இரண்டு படியில் ஏறி அங்கேயே நின்றுவிட்டது. மருந்து, பல், கண் கண்ணாடி ஆகியவை வெளியே நின்றன. ஹால் 1964 அறிக்கையிலேயே மருந்தையும் சேர்க்கச் சொன்னார். அறுபது வருடம் கழித்து, 2024 அக்டோபரில்தான் நாடு தழுவிய மருந்துத் திட்டத்துக்கான முதல் சட்டம் வந்தது. அதிலும் முதல் கட்டத்தில் இருப்பது சர்க்கரை நோய் மருந்துகளும் கருத்தடைச் சாதனங்களும் மட்டுமே. அப்பாவின் இதய மாத்திரைகள் அந்தப் பட்டியலில் இல்லை. 65 வயது ஆனபின் ஒன்டாரியோவின் முதியோர் மருந்துத் திட்டம் அவரைச் சேர்த்துக்கொண்டது. நடுவில் இருந்த நாலு வருடம் நாங்கள் கட்டினோம். எங்களால் முடிந்தது.

டக்ளஸ் தன் கடைசிக் காலத்தில் இதைத்தான் மறுபடி மறுபடி சொன்னார். நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே இருந்த பணச் சுவரை இடிப்பது முதல் கட்டம் மட்டுமே, வைத்தியம் பார்க்கும் முறையையே மாற்றி நோய் வராமல் தடுப்பது இரண்டாம் கட்டம், அது இன்னும் தொடங்கவில்லை என்று. சாஸ்கடூன் உடன்பாட்டில் ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஒரு ஃபீஸ் என்ற முறையை எழுதிக் கையெழுத்திட்டபோதே அந்த இரண்டாம் கட்டத்துக்கான கதவு பாதி மூடிவிட்டது. வேலைநிறுத்த நாட்களில் பிறந்த மக்கள் க்ளினிக்குகளின் டாக்டர்களைப் பல ஆஸ்பத்திரிகள் உள்ளே விடவே மறுத்தன. அதை விசாரிக்க 1963இல் தனி ஆணையமே போட வேண்டியிருந்தது. அந்த க்ளினிக்குகள் மாகாணம் முழுக்கப் பரவவில்லை.

சாஸ்கடூனில் ஜூலை 3 அன்று அந்த இரண்டு பெண் டாக்டர்கள் தொடங்கி வைத்தது மட்டும் இன்றும் நடக்கிறது. இன்னும் கூட்டுறவுதான். டாக்டர், தாதி, மருந்தாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்து வேலை செய்கிறார்கள்.